மணி அடிச்சாதான் செபமா?

வெட்டாற்றங்கரை: எங்க பங்குக் கோயில்ல காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, சாயந்திரம் ஆறுன்னு திரிகால செபத்துக்கு மணி அடிச்சு, ஸ்பீக்கர்லயும் செபத்தைப் போடுவாங்க. பக்கத்து ஊர் நண்பர், "இது சடங்கு, மனசு வரும்போது ஜெபிச்சா போதும்"ங்கறார். என்ன சொல்றீங்க?

மன்னை_சாட்சி: அந்த நண்பர் நான்தான். "இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்"னு பவுல் எழுதினதுல மணிக்கணக்கு எங்க இருக்கு? கதவைப் பூட்டிட்டு ஜெபின்னார் இயேசு, நீங்க ஸ்பீக்கர் போடுறீங்க. சேத்துல நிக்கிற நடவுக்காரம்மா உச்சிவெயில்ல நாத்துமுடியைப் போட்டுட்டுக் கும்பிடணுமா?

தரங்கை_லுத்தரன்: அண்ணே, ஸ்பீக்கர் வேற, வேளை வேற. பேதுருவும் யோவானும் ஆலயத்துக்குப் போனது "ஜெபவேளையாகிய ஒன்பதாம்மணி நேரத்திலே" (அப். 3:1). நம்ம மதியம் மூணு மணி. ரோமப் படைத்தலைவன் கொர்நேலியுவுக்குத் தரிசனம் கிடைச்சதும் அதே மணிக்குத்தான். பேதுரு ஜெபிக்க மேல்மாடிக்கு ஏறினது உச்சிவேளை. தானியேலுக்கு மூணு வேளை. லூத்தரே 1529ல எழுதின சிறிய ஞானோபதேசத்துல (விசுவாசத்தைக் கேள்வி-பதிலாச் சொல்லித்தர்ற நூல்) எழுந்ததும் ஒரு ஜெபம், படுக்கப் போறப்ப ஒண்ணுன்னு வச்சிருக்கார். 1706ல எங்க தரங்கம்பாடியில வந்து இறங்கின ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு அதைத் தமிழ்லயும் கொடுத்தார்.

மன்னை_சாட்சி: அவங்க யூத வழக்கப்படி போனாங்க. கட்டளை எங்க? பெனடிக்ட் துறவி மடத்துல ஜெபவேளை பகல்ல ஏழு, ராத்திரி ஒண்ணு. துறவிக்குச் சரி. முறைத்தண்ணிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு மடை திறக்க ஓடுறவன் என்ன பண்ணுவான்?

பூண்டி_மரியா: கட்டளை இல்லதான். ஆனா மடம் தோன்றதுக்கு ரொம்ப முந்தின, ஆதிச் சபையோட டிடாக்கே நூல், கர்த்தர் கற்பித்த செபத்தை நாளைக்கு மூணு தடவ சொல்லச் சொல்லுது. மடத்து வேளையும் அப்படியே இல்ல தம்பி. 1963ல எங்க கத்தோலிக்கத் திருச்சபையோட இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கமே ஒரு வேளையை எடுத்துட்டு, காலையும் மாலையும்தான் முக்கியம்னு சொல்லிடுச்சு.

அப்புறம் அந்த நடவுக்காரம்மா நான்தான். மணி கேட்டா யாரும் கரையேற மாட்டோம். நிமிர்ந்து, சேத்துக்கை முகத்துல படாம மணிக்கட்டால நெத்தியைத் தொட்டுச் சிலுவை போடுவோம். மூணு 'அருள் நிறைந்த மரியே' முடியறப்ப கை அடுத்த முடியைப் பிரிச்சிருக்கும். மனசு வரும்போதுன்னு விட்டா எனக்குத் திருவிழாவுக்குத்தான் வரும்.

மன்னை_சாட்சி: மணி கேக்கலன்னா?

பூண்டி_மரியா: கரண்டு போன நாள்ல ஆள் கூட்டிட்டு வர்ற அம்மாவே, "பன்னண்டாச்சு, சொல்லுங்கடி"ம்பாங்க. அவங்க மாரியம்மனுக்குக் காப்பு கட்டுறவங்க.

மன்னை_சாட்சி: சரிக்கா. ஸ்பீக்கரையாவது குறைக்கச் சொல்லுங்க, காலைல எங்க தெரு வரைக்கும் கேக்குது.