போன் இல்லாமல் ஐந்து மணி நேரக் கார் பயணம்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். இந்தச் சனி, ஞாயிறு குடும்பத்தோடு காரில் கிளம்புகிறோம். போகவே ஐந்து மணி நேரம். பிள்ளைகளுக்கு வயது 9, 5. இந்தத் தடவை போன், டேப் எதுவும் கிடையாது என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். இப்போது எனக்குத்தான் பயம்.

கதைப் புத்தகம் சரிவராது. ஓடும் காரில் குனிந்து படித்தால் பெரியவளுக்குப் பத்தே நிமிடத்தில் குமட்டும். வெளியே தூரத்தில் பார்த்துக்கொண்டு வந்தால்தான் தாங்குவாள். வண்டி எண்களைக் கூட்டுவது, கடைசி எழுத்தில் அடுத்த சொல் சொல்வது இரண்டும் தெரியும். ஆனால் சின்னவன் தோற்றால் செருப்பைக் கழற்றி முன் சீட்டுக்கு எறிவான்! வெற்றி தோல்வி இல்லாத விளையாட்டு ஏதாவது இருக்கிறதா?

அப்புறம், வழி பார்க்க என் போன் முன்னால் எரிந்துகொண்டுதான் இருக்கும். "உங்களுக்கு மட்டும் போனா?" என்று கேட்டால் என்ன சொல்வது?