பாப்பாக்கு 13 மாசம், இன்னும் நடக்கல. ட்ரிப் போகலாமா, நடந்தப்புறம் போகலாமா?

தளிர்அம்மா:
எல்லாருக்கும் வணக்கம், இவ்ளோ நாள் படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், இப்பதான் முதல் தடவையா கேக்குறேன். பையனுக்கு 4 வயசு, பொண்ணுக்கு 13 மாசம். பொண்ணு இன்னும் தனியா நடக்கல. சோபாவ புடிச்சுக்கிட்டே இந்த கோடிலேர்ந்து அந்த கோடி வரைக்கும் போவா, நாம ரெண்டு கைய புடிச்சா நல்லா நடப்பா, ஒரு கைய விட்டா போதும் பொத்துனு உக்காந்துருவா. நாத்தனார் பொண்ணு 10 மாசத்துலயே நடந்துட்டா, அதனால வீட்டுக்கு யார் வந்தாலும் "இன்னும் நடக்கலையா"ன்னு கேக்காம போறதில்ல, கேட்டு கேட்டு எனக்கே பயம் வந்துருச்சு.

அடுத்த மாசம் மலைப்பக்கம் 3 நாள் போலாம்னு ரூம்லாம் போட்டாச்சு, கார்ல போக ஒரு 6 மணி நேரம் ஆகும். பாப்பா பொறந்தப்புறம் நாங்க எங்கயுமே போகல, பையன் இப்பவே பைய எடுத்து பொம்மைய அடுக்கிட்டு இருக்கான். மாமியார் "நடக்காத புள்ளைய தூக்கிக்கிட்டு மலையில என்னத்த பாக்க போறீங்க, நடக்கட்டும், அப்புறம் போங்க"ங்கறாங்க. அவர் போயே ஆகணும்ங்கறார். நடுவுல நான்.

இன்னொன்னும் இருக்கு, இத வீட்ல யார்கிட்டயும் சொல்லல. பையன் முதல் அடி வச்சப்ப நான் ஆபீஸ்ல இருந்தேன். அவர் வீடியோ எடுத்து அனுப்பினார், மீட்டிங்ல உக்காந்துக்கிட்டு சத்தமில்லாம பாத்தேன். இவளோடத கண்ணால பாக்கணும்னு ரொம்ப ஆச. ட்ரிப்ல நான் பைய கட்டிக்கிட்டு இருக்கறப்ப அவ நடந்துட்டா என்ன பண்றதுன்னு கூட யோசிக்கிறேன். போகலாமா, தள்ளி வைக்கலாமா?

இரட்டைவால்அம்மா:
முதல்ல அந்த 10 மாச கதைய தலைலேர்ந்து எறக்கி வைங்க சிஸ். எனக்கு ட்வின்ஸ், ஒரே நாள்ல பொறந்ததுங்க, ஒரே வீடு ஒரே சாப்பாடு, ஒன்னு 12 மாசத்துல நடந்துச்சு இன்னொன்னு 16 மாசத்துல. லேட்டா நடந்தவதான் இப்ப வீட்ல ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கறா.

நான் அப்ப பயந்து போய் நெறைய தேடி படிச்சேன், அதனால இது மனசுலயே நின்னுருச்சு. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கான்னு 5 நாட்டு குழந்தைங்கள மாசா மாசம் பாத்து 2006ல ஒரு கணக்கு வெளியிட்டாங்க. அதுல தனியா நடக்கறதுக்கு உள்ள காலம் 8.2 மாசத்துலேர்ந்து 17.6 மாசம் வரைக்கும். கிட்டத்தட்ட பத்து மாச இடைவெளி, அதுக்குள்ள எப்ப நடந்தாலும் நார்மல்தான். உங்க பொண்ணும் நாத்தனார் பொண்ணும் ரெண்டு பேருமே அதுக்குள்ளதான் இருக்காங்க. அதே கணக்குல நூத்துக்கு 4 குழந்தைக்கு மேல முட்டி போட்டு தவழவே இல்ல, நேரா எந்திரிச்சு நடந்துருக்குதுங்க. சோபாவ புடிச்சு நடக்கறாளா, தானா இழுத்து எந்திரிச்சு நிக்கறாளா, அப்ப அவ சரியான வழியிலதான் போய்ட்டு இருக்கா.

பாப்பா குறை மாசமா? என் ட்வின்ஸ் 34 வாரத்துல பொறந்ததுங்க. அப்படி பொறந்தா 2 வயசு வரைக்கும் டாக்டர் குடுத்த பிரசவ தேதியிலேர்ந்துதான் மாசத்த எண்ணணும். அத எனக்கு யாரும் சொல்லல, நானா ஒன்ற மாசத்த சேத்து எண்ணி தினமும் அழுதேன்.

நடராஜாசர்வீஸ்:
போங்க சகோ, கண்டிப்பா போங்க. நடக்காத குழந்தையோட போற ட்ரிப்புதான் ஈஸி, நம்புங்க. வச்ச எடத்துல இருக்கும். நடக்க ஆரம்பிச்சு முதல் ரெண்டு மூணு மாசம் இருக்கே, அதுதான் கஷ்டம், தூக்குனா நெளியும், எறக்கி விட்டா ஓடும், புது எடத்துல படிக்கட்ட கண்டா அங்கதான் போகும்.

ஆனா ஒரு விஷயம். நாங்க முதல் ட்ரிப்ல ஒரு நாளைக்கு 5 எடம்னு லிஸ்ட் போட்டுட்டு போனோம், பெரியவளுக்கு அப்ப 3 வயசு, சின்னவனுக்கு 11 மாசம். முதல் எடத்துக்கு போற வழியிலயே ஒரு எறும்பு வரிசைய பாத்துட்டு பெரியவ உக்காந்துட்டா. ஒரு எறும்பு செத்த பூச்சி றெக்கைய தூக்கிட்டு போகுது, காத்து அடிக்கறப்பலாம் றெக்கையோட சேந்து அதுவும் சாயுது, திரும்ப நிமிந்து போகுது. நான் "வா வா நேரமாச்சு"ன்னு கைய புடிச்சு இழுத்தேன், அவ அழுதா, சின்னவனும் சேந்து அழுதான், கடைசில வியூ பாயிண்ட்ல போய் நாலு பேரும் மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு போட்டோ எடுத்தோம். இன்னிக்கு அவ 8 வயசு, அந்த ட்ரிப்பப் பத்தி கேட்டா எறும்ப மட்டும்தான் சொல்றா. அதுக்கப்புறம் நாங்க ஒரு நாளைக்கு ஒரே ஒரு எடம்தான், அதுவும் காலைல. மதியம் ரூமுக்கு வந்து ரெண்டு பேரும் தூங்கணும், சாயந்திரம் சும்மா பக்கத்துல நடை. 1, 2 வயசு குழந்தைக்கு பகல் தூக்கத்தோட சேத்து ஒரு நாளைக்கு 11லேர்ந்து 14 மணி நேரம் தூக்கம் வேணும், அது கொறஞ்சா எந்த மலையும் அழகா தெரியாது.

ரூமுக்குள்ள போனதும் நீங்களும் முட்டி போட்டு ஒரு ரவுண்டு வாங்க, பாப்பா உயரத்துல இருந்து பாக்கணும். நாங்க அப்படி பாத்தப்பதான் கட்டிலுக்கு அடியில ஒரு ஊக்கு, கெட்டில் வயர் தொங்கிட்டு இருக்கறது எல்லாம் கண்ணுல பட்டுச்சு. பாத்ரூம் பக்கெட்ல தண்ணி வைக்காதீங்க, கொஞ்சூண்டு தண்ணியே அந்த வயசுக்கு ஆபத்து. கார்ல ரெண்டு பேருக்கும் சீட் இருக்கட்டும், பாப்பாவோடது பின்பக்கம் பாத்த மாதிரி, மடியில மட்டும் வேண்டவே வேண்டாம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா நிறுத்தி எறக்கி விடுங்க. 6 மணி நேரம்னு மேப் சொன்னா 9 மணி நேரம்னு மனசுல வச்சுக்கிட்டு கெளம்புங்க.

பேரன்கூட:
தளிர்அம்மா, நான் உங்க மாமியார் வயசு. உங்க பயம் எனக்கு புரியுது, அவங்க சொல்றதும் எனக்கு புரியுதும்மா. நாங்க பிள்ளை வளத்தப்ப ஒரு எடத்துக்கு போனா போன எடத்துல ஜுரம் வந்தா என்ன பண்றதுங்கற பயம்தான் முதல்ல வரும், அத "நடக்கட்டும்"னு சொல்லிருப்பாங்க. கேட்டு பாருங்க, உள்ள வேற ஏதாச்சும் இருக்கும். என் மருமக என்ன பண்ணினா தெரியுமா, போற எடத்துல பக்கத்து ஆஸ்பத்திரி எது, எவ்ளோ தூரம்னு பேப்பர்ல எழுதி, தெர்மாமீட்டர், ஜுர மருந்து எல்லாம் ஒரு டப்பால போட்டு என் கைல குடுத்து "அத்தை இது உங்க பொறுப்பு"ன்னா. அதுக்கு அப்புறம் நான் ஒரு வார்த்த பேசல, முடிஞ்சா அவங்களையும் கூட்டிட்டு போங்க.

அப்புறம் கண்ணு, அந்த வீடியோ விஷயம். உன் பையன் முதல் முதல்ல உன்ன பாத்து நடந்து வந்தது எப்ப? அது ஞாபகம் இருக்கா? அதுவும் முதல் நடைதான்.

மெதுவாகவே:
எல்லாரும் போங்க போங்கன்னு சொல்றதால நான் ஒரு வார்த்த சேக்குறேன், பயமுறுத்த இல்ல. வயச மட்டும் பாக்காதீங்க, எப்படி நடக்கறாங்கன்னும் பாருங்க. எப்பவும் ஒரு பக்க காலையோ கையையோ மட்டும் யூஸ் பண்றாளா, உடம்பு ரொம்ப தொளதொளன்னு இல்ல வெறப்பா இருக்கா, முன்ன செஞ்சுட்டு இருந்தத இப்ப செய்யறதில்லையா, இதுல எது இருந்தாலும் 18 மாசம் வரைக்கும் காத்திருக்க வேணாம், உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க. அதெல்லாம் இல்லன்னாலும் 18 மாசம் தாண்டி தனியா நடக்கலன்னா காட்டணும். என் பையனுக்கு இடது கால் சரியா ஊனல, எல்லாரும் "சில புள்ளைங்க அப்படித்தான்"னாங்க, நானும் நம்பி நாலு மாசம் விட்டுட்டேன். பிஸியோதெரபி ஆரம்பிச்சப்புறம் நல்லா ஆயிட்டான், ஆனா அந்த நாலு மாசம் இன்னும் மனசுல உறுத்துது. உங்க பொண்ணு ரெண்டு காலயும் ஒரே மாதிரி வச்சு நடந்தா நிம்மதியா கெளம்புங்க.

தளிர்அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஆபீஸ் பஸ்ல வர்றப்ப படிச்சு கண்ணு கலங்கிருச்சு. பாப்பா நிறை மாசம்தான், காலு ரெண்டும் ஒரே மாதிரிதான் வைக்கிறா, நேத்து உக்காந்து அரை மணி நேரம் அதையேதான் பாத்தேன். அத்தைகிட்ட கேட்டேன், பேரன்கூட அம்மா சொன்ன மாதிரியே வேற விஷயம்தான், எங்க வீட்டுக்காரருக்கு 2 வயசுல வெளியூர்ல வச்சு ஜுரத்துல வலிப்பு வந்துருக்கு, இத்தன வருஷத்துல எனக்கு இது தெரியாது. அவங்களும் வர்றாங்க.

இன்னும் ரெண்டு கேள்வி. சீக்கிரம் நடக்கட்டும்னு வீட்ல வாக்கர் வாங்கி வச்சிருக்காங்க, சக்கரம் வச்சது, யூஸ் பண்ணலாமா? பையனுக்கு கார்ல வாந்தி வரும், மலை ரோடு வேற, என்ன பண்றீங்க?

இரட்டைவால்அம்மா:
சக்கர வாக்கர் வேண்டாம் சிஸ். அதுல உக்காந்து நுனிக்கால்ல தள்ளிக்கிட்டு போறதால நடை சீக்கிரம் வராது, தள்ளிதான் போகும்னு குழந்தை டாக்டருங்க சொல்றாங்க. அத விட படிக்கட்டுல உருண்டு விழற ஆபத்து. கனடால 2004லயே விக்கறதுக்கே தடை போட்டுட்டாங்க. தரையில விடுங்க, விழுந்து எந்திரிக்கட்டும். 12லேர்ந்து 19 மாச குழந்தைங்கள வச்சு அமெரிக்காவுல எண்ணியே பாத்துருக்காங்க, 2012ல வந்த ஆய்வு, சராசரியா ஒரு மணி நேரத்துல 2368 அடி வைக்குதுங்க, 17 தடவ விழுதுங்க. இத படிச்சப்புறம் நான் ஒவ்வொரு தடவையும் "அய்யோ"ன்னு ஓடுறத நிறுத்திட்டேன்.

நடராஜாசர்வீஸ்:
வாந்திக்கு: கெளம்பறதுக்கு முன்னாடி வயிறு முட்ட குடுக்காதீங்க, பட்டினியும் போடாதீங்க, கொஞ்சமா லைட்டா. கார்ல போனும் புக்கும் வேண்டாம், தூரத்துல பாக்க வைங்க, "அந்த மரத்துக்கு பின்னாடி என்ன இருக்கு பாரு"ன்னு பேசிக்கிட்டே வாங்க. கண்ணாடிய கொஞ்சம் எறக்கி விடுங்க. வளைவு ரோட அவன் தூங்கற நேரத்துக்கு வர்ற மாதிரி கெளம்புனா பாதி பிரச்சன தீந்துரும். மாத்து டிரஸ் டிக்கில வேணாம், கைக்கு எட்டற பைல இருக்கணும், உங்களுக்கும் ஒன்னு சேத்து. மருந்து வேணும்னா டாக்டர கேட்டுட்டுதான். 2500 மீட்டருக்கு மேல உயரமான எடம்னா அதையும் அவர்கிட்ட சொல்லுங்க.

தளிர்அம்மா:
போய்ட்டு வந்து ரெண்டு வாரம் ஆச்சு, இப்பதான் எழுத நேரம் கெடச்சுது.

ட்ரிப்ல நடக்கல. ஒரு நாளைக்கு ஒரு எடம்தான் போனோம், ரெண்டாவது நாள் மழ, எங்கயுமே போகல, ரூம் வராண்டாவுல உக்காந்து பையன் தண்ணில எல விட்டுட்டு இருந்தான், பாப்பா கம்பிய புடிச்சு நின்னுக்கிட்டு ஒவ்வொரு எலயும் ஓரத்துல போய் விழறப்ப ஒரு சத்தம் போடுவா, ரெண்டு மணி நேரம் இதே வேலை. அத்தை மருந்து டப்பாவ மடியில வச்சுக்கிட்டு பாத்துட்டு இருந்தாங்க, டப்பாவ தொறக்கவே வேண்டி வரல. பையன் போகும்போது ஒரு தடவ வாந்தி, வரும்போது இல்ல.

வந்து நாலாவது நாள் செவ்வாக்கெழம காலைல, நான் ஆபீஸ்க்கு கெளம்பிக்கிட்டு இருக்கேன், வீடு அலங்கோலமா கெடக்கு. பையன் ஹால்ல உக்காந்து ஷூ போட்டுட்டு இருந்தான். ஒரு ஷூ அவன் கால்ல, இன்னொன்னு கொஞ்சம் தள்ளி கெடந்துச்சு. "அம்மா பாப்பா"ன்னான், திரும்பி பாக்குறேன், சோபாவ விட்டுட்டு நடு ஹால்ல நிக்கிறா. முதல் அடி ரெண்டாவது அடி நான் பாக்கல. மூணாவதும் நாலாவதும் பாத்தேன், கைய ரெண்டையும் மேல தூக்கிக்கிட்டு, வயித்த முன்ன தள்ளிக்கிட்டு, ஷூ கிட்ட போய் உக்காந்துட்டா. யாரும் வீடியோ எடுக்கல. பையன்தான் முழுசா பாத்தான், பாக்கறவங்ககிட்டலாம் "நான்தான் ஃபர்ஸ்ட் பாத்தேன்"னு நடந்து நடந்து காட்டுறான், அவளோட அந்த கை தூக்கல் கூட விடாம. நானும் தெனமும் ஒரு தடவ அவனையே காட்ட சொல்லி பாத்துக்கறேன்.

அவ அந்த ஷூவ விட மாட்டேங்கறா. அவளுக்கும் வாங்கலாமா, எந்த மாதிரி வாங்கணும்?

பேரன்கூட:
ரொம்ப சந்தோஷம் கண்ணு, படிச்சிட்டு எங்க வீட்டுக்காரருக்கும் படிச்சு காட்டினேன்.

மெதுவாகவே:
சூப்பர்!! வீட்டுக்குள்ள வெறுங்கால்தான் பெஸ்ட், தரைய உணர்ந்தாதான் பேலன்ஸ் வரும். வெளிய போக மட்டும் வாங்குங்க, அடிப்பாகம் கையால மடக்குனா மடங்கணும், நிக்க வச்சு அளவு பாருங்க, கட்டைவிரலுக்கு முன்னாடி உங்க சுண்டு விரல் அகலம் எடம் இருக்கணும். ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா திரும்ப அளந்து பாருங்க, இந்த வயசுல கால் வேகமா வளரும்.