பில்லர் கிளாடிங்குக்கு ‘தூணுறை’ன்னு வெச்சுக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம். நம்ம கலைச்சொல் பட்டியலுக்கு, தூணைச் சுத்தி அழகுக்கு மூடற ‘பில்லர் கிளாடிங்’குக்குத் தமிழ்ச்சொல் தேடறோம்ல, நீங்க சொன்னதுக்கெல்லாம் என் பதில் இது.

> தூண் மேற்பூச்சுன்னு போட்டா போதாதா?

போதாதுங்க அண்ணா. பூச்சுன்னா நம்ம ஊர்ல சிமெண்ட் பூசறது, இல்லன்னா பெயிண்ட். இங்க பேசறது வேற, நிக்கிற பில்லரை இடிக்காம சுத்தியும் கிரானைட்டோ டைல்ஸோ பலகையோ வெச்சு மூடி வீட்டு முகப்பையே புதுசாக்கறது. அமெரிக்கா பக்கம் வராண்டாவைத் தாங்கற ஒல்லி மரக்கால் மேல பிவிசி பெட்டி மாதிரி மாட்டி தடிமனா காட்டறாங்க, நம்ம பக்கம் 9 இஞ்சு கான்கிரீட் பில்லர் மேல கல்லு ஒட்டறோம், ரெண்டுலயும் உள்ள இருக்கறதுதான் பாரம் தாங்குது, வெளிய இருக்கறது தாங்கறதில்ல. சொல்லைக் கேட்டதும் இது புரியணும், எனக்கு அதுதான் முக்கியம்.

ஏன் அழுத்திச் சொல்றேன்னா எங்க வீட்டுலயே பட்டிருக்கேன். பர்கூர் பக்கம் வீடு, போர்டிகோவுல ரெண்டு பில்லர், அப்பா கட்டினது, கிரானைட் பூமியில இருந்துக்கிட்டு பில்லர் மட்டும் வெறும் பெயிண்ட்ல நிக்குதேன்னு மேஸ்திரிகிட்ட "தூணை மாத்தணும்"னு சொல்லிட்டு வேலைக்குப் போயிட்டேன், சாயங்காலம் வந்து பாத்தா ஒரு பில்லர்ல கம்பி தெரியற அளவுக்குக் கொத்தி வெச்சிருக்காங்க. கல்லு பிடிக்க மேலாப்புல லேசா கொத்தினாலே போதும். தூண்ல கம்பிக்கு மேல 40 மி.மீ. கான்கிரீட் மூடி இருக்கணும்னு கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 சொல்லுது, அது போனா காத்தும் ஈரமும் பட்டு கம்பி துருப்பிடிச்சு ஊதி மிச்ச கான்கிரீட்டையும் வெடிக்க வெச்சிடும். இன்ஜினியரை வரவழைச்சு அடைச்சு சரி பண்ணினோம். அந்த மேஸ்திரி மேல எனக்குக் கோபம் இல்ல, நான் சொன்ன வார்த்தைக்கு அர்த்தம் அப்படித்தானே.

> தூண் கவசம் நல்லா இருக்கே.

கொடிமரத்துக்குத் தகடு போடறதை நெனச்சா பொருத்தமாத்தான் இருக்கு. ஆனா கவசம்னா காப்பாத்தும்னு ஒரு எண்ணம் வந்துடுது. இது தூணைக் காப்பாத்தறதுக்கு இல்ல, 18 மி.மீ. கிரானைட் சதுர அடிக்கு நாலரை கிலோ வரும், அந்த எடையையும் தூண்தான் சுமக்குது, சரியா ஒட்டலன்னா இடுக்குல தண்ணி நின்னு கெடுதலும் பண்ணும்.

அதனாலதான் தூணுறை. கையுறை, வாளுறை, தலையணை உறை, கம்ப்யூட்டர்ல கோப்புறை, எதை எடுத்தாலும் உள்ள வேற ஒண்ணு இருக்கு, உறையைக் கழட்டினாலும் அது அதுவா இருக்கும். ஆயிரங்கால் மண்டபத்துல கால்னா தூண்தான், அப்படிப் பாத்தா காலுறையே கூட பொருந்தும், ஆனா அது சாக்ஸுக்குன்னு நெலைச்சிடுச்சு. உறைகிணத்துல சுடுமண் உறைதானே மண்ணு சரியாம தாங்குதுன்னு யாராவது கேப்பீங்க, நியாயமான கேள்வி, அந்த ஒரு எடத்துல இடிக்குது, மத்ததெல்லாம் ஒத்துப்போகுது.

ரெண்டாவது பில்லருக்கு வேற மேஸ்திரிகிட்ட "தூணுக்கு உறை போடணும்"னு மட்டும் சொன்னேன். "உடைக்காம மேல மூடணும், அவ்வளவுதானுங்களே?"ன்னு அவரே கேட்டாரு.

அப்புறம் தலையிலயும் அடியிலயும் அழகுக்கு ஒட்டற துண்டுக்கு ‘போதிகை’ன்னு நம்ம குழுவுல ஒரு அக்கா எழுதியிருந்தாங்க. வேண்டாங்க. போதிகை உத்தரத்தோட பாரத்தை வாங்கித் தூணுக்கு எறக்கற உறுப்பு, நம்ம பக்கத்துப் பழங்கோயில் மண்டபம் எதுலயாவது தூண் உச்சியை அண்ணாந்து பாத்தாலே தெரியும், அந்தப் பேரை ஒட்டு வேலைக்குக் குடுக்க மனசு வரல. பட்டைன்னு போட்டா எட்டுப்பட்டைத் தூணோட குழம்பும். மேல்சட்டம், அடிச்சட்டம் சரியா வருமா பாருங்க.

வினைக்கு ‘உறையிடு’ எழுதறப்ப ஓகே, பேச்சுல ‘உறை போடு’தான் வரும், பட்டியல்ல ரெண்டையும் சேத்துடலாங்களா?