குடியேற்ற விதி மாற்றம் ஏற்கெனவே சென்றவர்களுக்கும் பொருந்தலாமா?

தொண்டியிலிருந்து கேள்வி:

என் தங்கை மாப்பிள்ளை 2022இல் முதியோர் பராமரிப்புப் பணிக்கான விசாவில் பிரிட்டன் சென்றார். ஐந்து ஆண்டுகள் பணிபுரிந்தால் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்ற விதியை நம்பித்தான் தங்கையின் நகைகளை அடகு வைத்துக் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டார். 2025 மே மாத வெள்ளை அறிக்கை அந்த ஐந்தைப் பத்தாக உயர்த்தப் பரிந்துரைத்தது. நவம்பர் முன்மொழிவோ, பட்டப்படிப்பு நிலைக்குக் கீழ்ப்பட்ட பணிகளில் இருப்பவர்களுக்குப் பதினைந்து ஆண்டுகள் என்றது. வசிப்புரிமை பெறாமல் ஏற்கெனவே அங்கே இருப்பவர்களையும் அது விட்டுவைக்கவில்லை. புதிதாக வருபவர்களுக்கு நிபந்தனை விதிக்க ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. பாதி வழி வந்தவரிடம் தூரத்தை மாற்றிச் சொல்வது முறையா?

கீழக்கரையிலிருந்து பதில்:

தம்பி, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் நம் கடற்கரையிலிருந்து வளைகுடாவுக்குச் சபுர் (பிழைப்புப் பயணம்) போனவர்களிடையே நிரந்தர வசிப்புரிமை என்ற பேச்சே இருந்ததில்லை. நானும் ஜித்தாவில் தலை நரைக்கும்வரை இகாமா என்ற வசிப்பு அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டிருந்து, வேலை முடிந்ததும் ஊர் திரும்பியவன்தான். 2019இல் சவூதி அரசு அறிமுகப்படுத்திய சிறப்பு வசிப்புரிமையில் காலவரம்பற்ற வகைக்குக் கட்டணம் 8 லட்சம் ரியால். கடையில் நின்று சம்பாதிப்பவருக்கு அது எட்டாக்கனி. உண்மையாகவே உதவியது 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த மாற்றம்தான்: ஓராண்டு பணியாற்றியவர் முதலாளியின் சம்மதம் இல்லாமலேயே வேறு நிறுவனத்துக்கு மாறலாம் என்றது அது. வீட்டுப் பணியாளர்கள் அதில் சேர்க்கப்படாதது பெரும் குறை. ஆண்டுக் கணக்கைவிடக் கஃபீலின், அதாவது பொறுப்பேற்று அழைத்த முதலாளியின், பிடி தளர்வதே முதலில் வேண்டியது என்பேன்.

இராமநாதபுரத்திலிருந்து பதில்:

சட்டம் இதில் இரண்டு பக்கமும் பேசியிருக்கிறது. 2006இல் பிரிட்டன் நான்கு ஆண்டுகள் என்றிருந்த தகுதிக் காலத்தை ஐந்தாக்கியபோது, திறன்மிகு குடியேறிகள் திட்டத்தில் ஏற்கெனவே வந்திருந்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள்; அவர்களுக்குப் பழைய நான்கு ஆண்டுகளே பொருந்தும் என்று 2009 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திட்டத்தை அறிவித்தபோது அரசு அளித்த உறுதிமொழிதான் அவர்களுக்குக் கைகொடுத்தது. ஆனால் அடுத்த மாதமே வேறொரு வழக்கில், விண்ணப்பித்த நாளின் விதியைப் பார்க்க வேண்டியதில்லை, முடிவெடுக்கும் நாளில் நடப்பில் உள்ள விதியே பொருந்தும் என்று, அப்போது நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை கூறிவிட்டது. ஆகவே பராமரிப்புப் பணிக்கு ஆள் அழைத்தபோது அரசு எழுத்தில் என்ன சொன்னது என்பதைப் பொறுத்தே வாதம் நிற்கும். ஏஜென்ட் வாய்வழியாகச் சொன்னது செல்லாது.

தொண்டியிலிருந்து மீண்டும்:

கீழக்கரைக் காக்கா (அண்ணா), நீங்கள் சொன்ன பிடியும் நான் கேட்ட ஆண்டுக் கணக்கும் வேறுவேறு அல்ல. மாப்பிள்ளையை வேலைக்கு எடுத்த நிறுவனத்தின் ஸ்பான்சர் உரிமம் (வெளிநாட்டவரை வேலைக்கு அழைக்கும் அனுமதி) ரத்தாகி, அறுபது நாட்களுக்குள் வேறு ஸ்பான்சரைத் தேட வேண்டும் என்று கடிதம் வந்தது. இரவுப் பணி மட்டும், வீட்டிலிருந்து இரண்டு பேருந்து மாறிச் செல்ல வேண்டும் என்று தெரிந்தும், கிடைத்த இடத்தில் மறுபேச்சின்றிச் சேர்ந்தார். அங்கே கூடுதல் நேர ஊதியத்தைக் கேட்கக்கூட அவருக்குத் துணிவில்லை. ஐந்து ஆண்டுகள் இப்படி அடங்கிக் கழிப்பதை ஒருவர் பொறுத்துக்கொள்ளலாம். பதினைந்து ஆண்டுகள் என்றால் அவருடைய உழைக்கும் வயதே அதில் போய்விடும். காலத்தை நீட்டியே தீருவேன் என்று அரசு சொன்னால், ஐந்தாண்டுகளை முடித்தவர் பராமரிப்புத் துறையில் எந்த நிறுவனத்திலும் புதிய ஸ்பான்சர் இல்லாமலேயே வேலை பார்க்கும் அனுமதியையாவது கூடவே தர வேண்டும்.