மேக்ரோ ஃபைல் போன கதைகள்: அவரவர் பட்டதைச் சொல்லுங்கள்

திருப்பூர், பனியன் கம்பெனி சம்பளக் கணக்கு (தொடங்கியவர்)

எங்கள் ஊரில் சனிக்கிழமை என்றால் சம்பளம். டெய்லர், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று எல்லோருக்கும் வாரக் கணக்குப் போட்டு, பீஸ் ரேட் ஆட்களுக்குத் தனியாகப் பெருக்கி, அட்வான்ஸ் கழித்து, கவரில் ஒட்டும் சீட்டு வரைக்கும் அடித்துத் தருவது ஒரே ஒரு எக்செல் ஃபைல். நாலு வருஷமாக நானே கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய மேக்ரோ, அதாவது வேலையைத் தானாகச் செய்ய எக்செல்லுக்குள் எழுதி வைக்கும் கோட். நான் புரோகிராமர் இல்லை, பி.காம். யூடியூப் பார்த்துக் கற்றதுதான்.

அந்தச் சனிக்கிழமை காலை ஃபைலைத் திறந்தால் ஒரு பெட்டி வந்தது. உள்ளடக்கத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது, முடிந்தவரை மீட்டுத் தரட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டது. யாராக இருந்தாலும் 'யெஸ்' தானே அழுத்துவோம்? அழுத்தினேன். திறந்துவிட்டது. ஆட்கள் பெயர், போன வாரத் தொகை எல்லாம் அப்படியே இருந்தன. அப்பாடா என்று கையோடு கண்ட்ரோல் எஸ் அடித்தேன். அதுதான் நான் செய்த பாவம்.

மீட்டு முடித்ததும் எக்செல் ஒரு அறிக்கை காட்டும். அதைப் பிறகுதான் நிதானமாகப் படித்தேன். 'விபிஏ பிராஜெக்ட்' பகுதியை நீக்கிவிட்டேன் என்று ஒரு வரி. விபிஏ என்பது மேக்ரோ எழுதும் மொழி, அதாவது மேக்ரோ மொத்தமும் காலி. உடைந்த ஃபைலாவது கையில் இருந்திருந்தால் அதற்குள்ளிருந்து தோண்டியிருக்கலாம். அதே பெயரில் சேவ் பண்ணியதால் அதுவும் போச்சு.

பென் டிரைவில் புதன்கிழமைக் காப்பி ஒன்று இருந்தது. அது இன்னும் மோசம். எந்தச் செய்தியும் காட்டாமல், திறந்த இரண்டாவது விநாடி எக்செல்லே மூடிக்கொண்டது. ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு திறந்தேன் (அப்படித் திறந்தால் தொடக்கத்தில் ஓட வேண்டிய மேக்ரோ ஓடாது). சேஃப் மோடில் திறந்தேன். எதற்கும் மசியவில்லை. மணி பதினொன்று. கீழே தையல் லைனில் ஆட்களுக்கு இது எதுவும் தெரியாது, பாட்டுப் போட்டு வேலை ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்துத் தெருவில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் நண்பனைக் கூப்பிட்டேன். அவன் வந்து ஃபைலைக் காப்பி எடுத்து, பெயரின் கடைசியில் இருக்கும் எக்ஸ்எல்எஸ்எம் என்பதை அழித்து ஜிப் என்று போட்டான். எக்செல் 2007-லிருந்து வந்த புது வகை ஃபைல்கள் எல்லாமே உள்ளுக்குள் ஜிப் மூட்டைதானாம். எனக்கு அன்றுதான் தெரியும். திறந்தால் ஃபோல்டருக்குள் ஃபோல்டர், ஷீட் ஒவ்வொன்றும் தனித்தனி ஃபைலாக. அவற்றுக்கு நடுவே அந்த 'விபிஏ பிராஜெக்ட்' ஃபைல் குண்டாக உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது.

அப்புறம் அவன் லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு அதில் திறந்தான். அங்கே கிராஷ் ஆகவில்லை. மேக்ரோ பகுதிக்குப் போனால் பதினான்கு மாட்யூலும் (கோட் எழுதி வைக்கும் பகுதிகள்) எழுத்துப் பிசகாமல் இருந்தன. ஒவ்வொன்றாக நோட்பேடில் ஒட்டி, எக்செல்லில் புது ஃபைல் தொடங்கி உள்ளே போட்டேன். அட்வான்ஸ் பதியும் ஃபார்ம் இரண்டை மட்டும் மறுபடி வரைய வேண்டியிருந்தது. ஆறு மணிக்குக் கொடுக்கும் சம்பளத்தை எட்டரைக்குக் கொடுத்தோம். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்தப் பார்வை இருக்கிறதே!

லிப்ரே ஆஃபீஸில் மட்டும் எப்படித் திறந்தது என்று நண்பனைக் கேட்டேன். மேக்ரோ ஃபைலுக்குள் நாம் எழுதிய கோட் ஒரு பக்கம் இருக்கும். எக்செல் வேகமாக ஓட்டுவதற்காக அதையே மாற்றி வைத்துக்கொண்ட 'பி-கோட்' இன்னொரு பக்கம் இருக்கும். எக்செல் முதலில் பார்ப்பது பி-கோடை. லிப்ரே ஆஃபீஸ் நாம் எழுதியதை மட்டும்தான் படிக்கும். எங்கள் ஆஃபீஸில் முதலாளி மேஜையில் பழைய 32 பிட் ஆஃபீஸ், என்னிடம் 64 பிட். ஒரே ஃபைலை இங்கே திருத்தி அங்கே சேவ் பண்ணி, அங்கே திருத்தி இங்கே சேவ் பண்ணி நாலு வருஷம் ஓட்டியிருக்கிறோம். எழுதியது நன்றாக இருந்தது, மாற்றி வைத்தது கெட்டிருந்தது.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.


மதுரைப் பக்கம், பால் சொசைட்டி

அண்ணா, எனக்கும் அதே பெட்டிதான் வந்தது, ஆனால் மேக்ரோ போகவில்லை. அறிக்கையில் 'டேட்டா வேலிடேஷன்' (செல்லில் எதைத் தட்டலாம் என்று நாம் வைக்கும் கட்டுப்பாடு) நீக்கப்பட்டது என்று இருந்தது.

நடந்தது இதுதான். பால் ஊற்றுகிறவர்களின் ஊர்ப் பெயரை ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க, செல்லில் கீழே விரியும் லிஸ்ட் வைத்திருந்தேன். ஊர்ப் பெயர்களை எடுத்து நடுவில் காற்புள்ளி போட்டுக் கோத்து, மேக்ரோவே அந்த லிஸ்ட்டை உருவாக்கும். இருபது ஊர் வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. புதிதாக மூன்று ஊர் சேர்ந்தது. மேக்ரோ ஓடியது, லிஸ்ட் விரிந்தது, மூன்று ஊரும் அதில் இருந்தன. சேவ் பண்ணி மூடிவிட்டு மறுநாள் காலை திறந்தால் ஃபைல் கெட்டுவிட்டது என்கிறது. மேக்ரோவை மறுபடி ஓட்டினால் சரி. மறுநாள் மறுபடி கெடும். நாலு நாள் இப்படியே. கம்ப்யூட்டரில் வைரஸ் என்று செயலாளர் முடிவே பண்ணிவிட்டார்.

இந்த மாதிரி நேரடியாக எழுதும் லிஸ்ட்டுக்கு 255 எழுத்துதான் எல்லை. நாம் கையால் தட்டினால் எக்செல் அதற்கு மேல் விடாது. மேக்ரோ மூலம் கொடுத்தால் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்கிறது. திரும்பத் திறக்கும்போதுதான் தன் ஃபைலைத் தானே ஏற்க மாட்டேன் என்கிறது.

இதில் தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி. உசிலம்பட்டி நமக்கு ஏழு எழுத்து. எக்செல்லில் எண்ணிப் பாருங்கள், 11 என்று காட்டும். கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனி எழுத்தாக எண்ணுகிறது. நம் கணக்குக்கு முப்பது ஊர் தாங்க வேண்டிய இடத்தில் இருபத்தொன்று தாண்டவில்லை. ஊர்ப் பெயர்களை வேறொரு ஷீட்டில் வரிசையாக எழுதி அதை மறைத்து வைத்துவிட்டு, லிஸ்ட்டை அந்த இடத்துக்குக் கை காட்டச் சொன்னேன். அதற்குப் பிறகு வரவில்லை.

அண்ணா, நீங்கள் மாட்யூலை நோட்பேடில் ஒட்டினீர்களே, உள்ளே தமிழ் இல்லையா? வி.பி.ஏ. எடிட்டரில் தமிழ் தட்டினால் எனக்குக் கேள்விக்குறிதான் வரிசையாக வரும். அதனால் ஃபார்மில் காட்ட வேண்டிய தமிழ் வாக்கியங்களையும் ஒரு ஷீட்டில் எழுதி வைத்து, அங்கிருந்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.


கோவை, இரும்புக் கடை

நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், சரக்கு இறங்குகிற நேரம்.

செல்லில் எதையாவது தட்டினால் தானாக ஓடும் மேக்ரோ இருக்கிறதல்லவா, அதில் எடையைத் திருத்தி அதே செல்லில் எழுத வைத்திருந்தேன். மேக்ரோ எழுதியதும் செல் மாறியது, செல் மாறியதும் மேக்ரோ ஓடியது, ஓடியதும் மறுபடி எழுதியது. தன் வாலைத் தானே துரத்துகிற நாய் மாதிரி சுற்றி, எக்செல் அப்படியே விழுந்துவிட்டது.

சரி என்று எழுதுவதற்கு முன் 'எனேபிள் ஈவென்ட்ஸ்' என்பதை (இப்படித் தானாக ஓடுவதற்கான சுவிட்ச்) அணைத்து, எழுதிய பிறகு போட்டேன். ரொம்பப் பேர் இத்தோடு நிறுத்திவிடுவார்கள், நானும்தான். ஒரு நாள் கடைப் பையன் எடை இருக்கிற செல்லில் 'பத்து கிலோ' என்று எழுத்தில் தட்டினான். டைப் மிஸ்மேட்ச், எரர் 13. அவன் 'எண்ட்' அழுத்திவிட்டான். அணைத்தது அணைந்தே கிடந்தது. அதன்பிறகு அந்த ஃபைலில் எதுவும் தானாக ஓடவில்லை, பக்கத்தில் திறந்திருந்த பில் ஃபைலிலும் ஓடவில்லை. அந்த சுவிட்ச் ஃபைலுக்கு அல்ல, எக்செல் முழுவதற்கும். இரண்டு ஃபைலும் ஒரே நாளில் கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டையும் பழைய பேக்கப்பிலிருந்து எடுத்து, அரை நாள் பில்லை மறுபடி தட்டினோம். எக்செல்லை மூடித் திறந்திருந்தாலே போதும்!

இப்போது எரர் வந்தாலும் வராவிட்டாலும் கடைசியில் ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே போக வேண்டும், அந்த வாசலில் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போ என்று எழுதியிருக்கிறேன்.


யாழ்ப்பாணம்

கோவை அண்ணை சொன்னது கதை என்றால், என்னுடையது பேய்க்கதை.

எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு நிமிடமும் தானாகப் புதுப்பிக்கும் கோப்பு ஒன்று. எனக்கு முன் இருந்தவர் விண்டோஸின் ரைமரை நேரடியாக அழைத்து எழுதியிருந்தார். பழைய கணினியில் வருடக்கணக்காக ஓடியது. புதிய மடிக்கணினிகள் வந்தன, எல்லாவற்றிலும் 64 பிட் ஆஃபீஸ். கோப்பைத் திறந்ததும் 'டிக்ளேர்' வரிகளை (விண்டோஸை அழைக்க எழுதும் வரிகள்) மாற்று என்று பிழை. இணையத்தில் தேடி ஒவ்வொரு வரியிலும் 'பிட்டிஆர் சேஃப்' என்ற சொல்லைச் செருகினேன். பிழை போய்விட்டது. நானும் கெட்டிக்காரன் என்று எழும்பிப் போய்த் தேநீர் குடித்தேன்.

திரும்பி வர எக்செல் இல்லை. செய்தி இல்லை, மீட்பு இல்லை, ஒன்றுமில்லை. சில நாள் மூன்று மணித்தியாலம் ஓடும், சில நாள் மூன்று நிமிடம். அந்தச் சொல் வெறும் சத்தியக் கடதாசி மாதிரி: 'நான் பார்த்துத் திருத்திவிட்டேன்' என்று நாம் எக்செல்லுக்குக் கொடுக்கும் வாக்கு. உண்மையில் திருத்த வேண்டியது உள்ளே. நினைவக முகவரி தாங்கும் இடங்களில் 'லாங்' என்று இருந்ததை 'லாங் பிட்டிஆர்' ஆக்க வேண்டும். 64 பிட்டில் முகவரிக்கு எட்டு பைட் வேண்டும், லாங் நான்கு பைட்தான் தாங்கும். பாதி முகவரியோடு கடிதம் போட்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டும்?

அதைத் திருத்தியும் முழு நிம்மதி இல்லை. யாராவது செல்லுக்குள் தட்டிக்கொண்டிருக்கும்போது ரைமர் அடித்தால் சில நேரம் விழுந்தது. கடைசியில் அதைத் தூக்கி எறிந்துவிட்டு எக்செல்லின் சொந்த 'ஆன் டைம்' போட்டேன். செல்லில் யாராவது தட்டிக்கொண்டிருந்தால் அது பொறுமையாகக் காத்திருக்கும்.

பேய் வந்தது அதற்குப் பிறகுதான். மாலை கோப்பை மூடிவிட்டு வேறு கோப்பில் வேலை செய்தால், ஒரு நிமிடத்தில் மூடிய கோப்பு தானாகத் திறக்கிறது. மூடினேன். திறந்தது. பக்கத்து மேசை அக்கா கும்பிடவே தொடங்கிவிட்டா. அடுத்த ஓட்டத்துக்கு நேரம் குறித்து வைத்ததை, மூடும்போது ரத்துச் செய்யாமல் விட்டிருக்கிறேன். அதைச் செய்யக் கோப்பைத் திறந்துதானே ஆக வேண்டும், பாவம், எக்செல் தன் கடமையைச் செய்திருக்கிறது.


பெயர் வேண்டாம், அரசுப் பள்ளி ஆசிரியை

2014 டிசம்பர் யாருக்காவது நினைவிருக்கிறதா? அரையாண்டு மதிப்பெண் ஏற்றும் நேரம். ஷீட்டில் இருந்த ஆக்டிவ்எக்ஸ் பட்டன்கள் (மேக்ரோவை ஓட்ட எக்செல் தரும் ஒரு வகைப் பட்டன்) எல்லாம் ஒரே நாளில் செத்துவிட்டன. அழுத்தினால் அசைவே இல்லை. புதிதாக ஒன்று வைக்கப் போனால் பொருளைச் செருக முடியாது என்றது. நான் போன வாரம் திருத்திய கோட்தான் காரணம் என்று அதையே மூன்று இரவு புரட்டினேன். கோடில் ஒரு தப்பும் இல்லை. அந்த மாத ஆஃபீஸ் அப்டேட்டுக்குப் பிறகு உலகம் முழுக்க இதே கூத்து. டெம்ப் ஃபோல்டரில் 'ஈஎக்ஸ்டி' என்று முடியும் ஃபைல்களை அழித்ததும் பட்டன்கள் உயிர் பெற்றன. எக்செல்லே அவற்றைப் புதிதாக உருவாக்கிக்கொள்கிறது.

அன்றிலிருந்து ஆக்டிவ்எக்ஸ் பட்டனே வைப்பதில்லை. ஒரு கட்டம் வரைந்து அதற்கு மேக்ரோ ஒட்டிவிடுகிறேன். பார்க்க அழகில்லை, ஆனால் கழுத்தறுக்கவில்லை.


திருப்பூர் (தொடங்கியவர்)

உசிலம்பட்டி பதினொன்று! நானும் எண்ணிப் பார்த்தேன் தங்கச்சி. என் மாட்யூலில் தமிழ் இல்லை, எல்லாம் தங்லீஷ் குறிப்புகள்தான், அதனால் தப்பித்தேன்.

இப்போது இரண்டு மேஜையிலும் 64 பிட். கெட்ட பி-கோட் தங்காமல் இருக்க, மாதக் கடைசியில் மாட்யூல் ஒவ்வொன்றையும் எக்ஸ்போர்ட் பண்ணி, ஃபைலிலிருந்து நீக்கி, திரும்ப உள்ளே இழுத்து, கம்பைல் கொடுத்து சேவ் பண்ணுகிறேன். இதையே ஒரு சொடுக்கில் செய்ய ராப் போவி என்பவர் கோட் கிளீனர் என்று ஒரு ஆட்-இன் (எக்செல்லோடு சேர்த்துக்கொள்ளும் துணைக் கருவி) கொடுத்திருக்கிறார். பழைய 32 பிட் எக்செல் வைத்திருப்பவர்கள் பயன்படுத்திப் பாருங்கள். நான் கையால்தான் செய்கிறேன். பதினான்கு மாட்யூலுக்கு ஒரு டீ நேரம். எக்ஸ்போர்ட் பண்ணியதைத் தேதி போட்ட ஃபோல்டரில் விட்டுவிடுகிறேன். மீட்கட்டுமா என்று எக்செல் கேட்டால் முதலில் 'நோ', ஒரு காப்பி, அப்புறம்தான் 'யெஸ்', சேவ் வேறு பெயரில்.


சேலம், புதிதாகக் கற்பவன்

அண்ணன்மாரே, என்னுடையது கிராஷ் இல்லை, ஆனால் பைத்தியம் பிடிக்கிறது. மேக்ரோ நடுவில் தானாக நின்று, 'ஓட்டம் இடைமறிக்கப்பட்டது' என்று சொல்கிறது. நான் எந்த விசையையும் தொடவில்லை. பிரேக் பாயிண்ட்டும் (ஓட்டத்தை நிறுத்த நாமே வைக்கும் குறி) இல்லை. கன்டினியூ அழுத்தினால் ஓடுகிறது, அடுத்த தடவை அதே வரியில் நிற்கிறது.


கோவை, இரும்புக் கடை

அந்தப் பெட்டியில் 'டீபக்' அழுத்து தம்பி. மஞ்சள் கோடு வந்ததும் கண்ட்ரோலும் பிரேக்கும் சேர்த்து இரண்டு தடவை அடி. அப்புறம் எஃப் 5. என்றைக்கோ நீ நிறுத்தியதை எக்செல் இன்னும் மனசில் வைத்துக்கொண்டிருக்கிறது.


சேலம், புதிதாகக் கற்பவன்

என் லேப்டாப்பில் பிரேக் விசையே இல்லையே அண்ணா!


கோவை, இரும்புக் கடை

ஸ்டார்ட்டில் 'ஓஎஸ்கே' என்று தட்டு, திரையிலேயே கீபோர்டு வரும். அதில் பாஸ் (Pause) என்று ஒரு விசை இருக்கும், பிரேக்கும் அதுதான். லாரி வந்துவிட்டது, நான் கிளம்புகிறேன்.