"குவைட் குட்": பாராட்டா, பரவாயில்லையா?

பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் கியூசி (தரச் சோதனை) வேலை எனக்கு. சேர்ந்த புதிதில் என் அறிக்கையைப் படித்த பிரிட்டிஷ் மேனேஜர் "குவைட் குட்" என்றார். 'குவைட்' என்றால் 'ரொம்ப' என்று மனதில் பதிந்து போன ஆள் நான். அன்று மதியம் நாசி கண்டார் கடையில் நாலு பேருக்கும் நானே பணம் கட்டினேன். சாயங்காலம் அறிக்கை திரும்பி வந்தது, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை.

அவர் ஏமாற்றவில்லை. அவர் ஊரில் அது நம் "பரவாயில்லை". பிறகு ஓர் அமெரிக்கர் வந்தார். அவரும் அதையே சொல்ல, இன்றைக்கும் சிவப்பு மைதான் என்று உட்கார்ந்திருந்தேன். அவரோ உண்மையிலேயே பாராட்டியிருக்கிறார்! அமெரிக்கப் பேச்சில் அந்தச் சொல் பெரும்பாலும் 'ரொம்ப' பக்கம்தான் சாயும்.

பிரிட்டிஷ்காரரிடமும் அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். 'குவைட்'டை அழுத்தினால் ஏதோ குறை இருக்கிறது. 'குட்'டை அழுத்தினால் மனம் வந்து சொல்கிறார். ஆனால் 'குவைட் இம்பாசிபிள்' என்றால் குறைத்துச் சொல்வதே இல்லை, அறவே முடியாது என்று பொருள். அம்மா என் மீன் கறியை ருசி பார்த்து "பரவால்ல" என்பதும் உண்டு, புருவத்தைத் தூக்கி "பரவால்லையே!" என்பதும் உண்டு. ஒரு ஏகாரம்தான், ஆனால் இரண்டாவதைக் கேட்டது இரண்டே தடவை.

இதைப் படித்த ஒருவர் எழுதியது: பினாங்கு அண்ணே, என் கதை கேஎல் (கோலாலம்பூர்) கதை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாடிக்கையாளரிடம் "ஐ வில் சென்ட் யூ டு த ஏர்போர்ட்" என்றேன். அவர் டாக்சி வரும் என்று ஹோட்டல் லாபியில் காத்திருக்கிறார், நான் வாசலில் காடியில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறேன். மலாயில் பார்சலுக்கும் 'ஹந்தார்', ஆளுக்கும் 'ஹந்தார்'. அந்தப் பழக்கம். 'டேக்' என்றிருக்க வேண்டும். தமிழில் நினைத்திருந்தால்கூட "கொண்டுபோய் விடுகிறேன்" என்று சரியாக வந்திருக்கும்.

இன்னொருவர் எழுதியது: நானும் ஒன்று சொல்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் வாடகை வீடு. சம்பளம் தாமதமான மாதம் வீட்டுக்காரருக்கு "ஐ வில் பே அன்டில் ஃப்ரைடே" என்று வாட்ஸ்அப் போட்டேன். வெள்ளிக்குள் கட்டிவிடுகிறேன் என்று சொல்ல 'பை' போட்டிருக்க வேண்டும். நான் போட்டது 'வெள்ளி வரை'. உடனே பதில் வந்தது: "சனிக்கிழமையிலிருந்து யார் கட்டுவது?"