புதுப்பிப்பு: போலிக் கணக்குகளைத் தடுக்க எடுத்த ஏற்பாடுகள்

வேலூர் வட்டார வரலாற்றுக்காக நாங்கள் நடத்தும் சிறு இணையக் குழுவில் பாட்கள் (ஆளில்லாமல் தானாக இயங்கும் நிரல்கள்) கூட்டங்கூட்டமாகக் கணக்குத் தொடங்குவதைச் சொல்லி, முன்பு இங்கே வழி கேட்டிருந்தேன்.

பதிவுப் படிவத்தில் மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தை வைத்திருக்கிறோம். கண்ட கட்டத்தையெல்லாம் நிரப்பிவிடும் பாட்கள் அதிலேயே சிக்கிக்கொள்கின்றன. பிரவுசரின் தானியங்கி நிரப்பல் அந்தக் கட்டத்தைத் தொடாதபடி அமைப்பது அவசியம், இல்லையென்றால் உண்மையான ஆட்களும் மாட்டுவார்கள்.

அடுத்து, ‘ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள எந்தக் காய்?’ என்ற கேள்வியைச் சேர்த்து, கத்திரிக்காய், கத்தரிக்காய் என எப்படி எழுதினாலும் ஏற்கும்படி செய்தோம். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இதற்கு எளிதில் விடை சொல்லிவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் ஒரே நிரலை ஆயிரம் தளங்களில் ஓட்டுபவர்கள் எங்கள் ஒரு குழுவுக்காக அவ்வளவு மெனக்கெடுவதில்லை.

ஐபி முகவரியை (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணை) முடக்கும் யோசனையை ஏற்கவில்லை. செல்பேசி நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்தளிப்பதால், ஒரு பாட் வந்த முகவரியை முடக்கினால் குடியாத்தத்திலோ ஆற்காட்டிலோ இருக்கும் உறுப்பினர்களும் சேர்ந்து வெளியே நிற்க நேரிடும்.

இத்தனையையும் தாண்டி, கூலிக்குக் கையால் கணக்குத் தொடங்குபவர்கள் வருகிறார்கள். அவர்களுக்காகவே புதியவர் குழுவில் இடும் முதல் பதிவு, அதிலும் இணைப்பு இருந்தால் கட்டாயமாக, எங்கள் ஒப்புதலுக்குக் காத்திருக்கும்.